ஃப்ரீசர் உறையவில்லையா? பழுதைக் கண்டுபிடித்து, சரியான பாகம் தேடி, நாமே மாற்றும் முழு வழி

ஐஸ் தட்டில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் தண்ணீராகவே இருந்தால், பலருக்கும் முதலில் தோன்றுவது இரண்டுதான்: ‘கம்ப்ரஸர் போய்விட்டது’ அல்லது ‘கேஸ் தீர்ந்துவிட்டது’. பெரும்பாலும் இரண்டுமே காரணமாக இருப்பதில்லை. கதவு ரப்பர், ஃபேன், டிஃப்ராஸ்ட் ஹீட்டர் (பனியைக் கரைக்கும் சூடேற்றி), தெர்மோஸ்டாட் (குளிருக்கேற்பக் கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்துவது), ரிலே (கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் சுவிட்ச்) ஆகியவை கேஸ் ஓடும் குழாய்க்கு வெளியே இருக்கும் பாகங்கள். அடிக்கடி கெடுவது இவைதான். ஒரு ஸ்க்ரூடிரைவரும் மின் அளவுகளைக் காட்டும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இருந்தால் இவற்றைச் சோதித்து மாற்ற முடியும்.

கேஸைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசரில் கேஸ் எரிபொருள்போலச் செலவாவதில்லை. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடி அடைக்காமல் ‘கேஸ் மட்டும் அடித்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் அதே ஓட்டை வழியாகப் போய்விடும்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மீண்டும் மின்சாரம் கொடுக்கும்போது குறைந்தது 5 நிமிடம் இடைவெளி விடுங்கள். கம்ப்ரஸருக்கு இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக வேண்டும். உடனே போட்டால் அது கிளம்பத் திணறும்.

பின்பக்கமோ உள்சுவரிலோ இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர் 600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடிய வாயு. அளவு சில பத்து கிராம்தான் இருக்கும் என்றாலும், குழாயை வெட்டுவதும் பற்றவைப்பதும் நம் வேலை இல்லை. ஐஸைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்தவே கூடாது. ஐஸுக்குப் பின்னால் இருக்கும் அலுமினியச் சுவரிலேயே கேஸ் ஓடும் பாதை இருக்கலாம். ஒரு குத்தில் நல்ல ஃப்ரீசர் வீணாகிவிடும். அப்படி ஓட்டை விழுந்து ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், நெருப்பு எதுவும் பற்றவைக்காமல், ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

உள்ளே இருக்கும் பொருள்களைப் பற்றி உடனே பதறத் தேவையில்லை. கதவைத் திறக்காமல் வைத்தால், நிறைந்திருக்கும் ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். வேலையைத் தொடங்கும்போது பொருள்களை ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாகம் எதுவும் வாங்காமலே சரியாகக்கூடியவை

வேறொரு சாக்கெட்டில், எக்ஸ்டென்ஷன் வயர் இல்லாமல், நேராகச் செருகிப் பாருங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தம் விழுந்து கம்ப்ரஸர் கிளம்பாமல் நிற்பது உண்டு.

அடுத்தது கண்டென்சர். வெளியே தெரியும் கறுப்புக் கம்பி வலை பின்பக்கமோ அடியிலோ இருந்தால், அதில் படிந்த தூசியை மென்மையான பிரஷாலும் வாக்குவம் கிளீனராலும் எடுங்கள். உள்ளே இழுத்த வெப்பத்தை வெளியே விடும் இடம் அதுதான். அங்கே தூசி போர்வைபோல மூடிக் கிடந்தால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், குளிரும் குறையும். உங்கள் ஃப்ரீசரில் கம்பி வலையே இல்லையென்றால் அது பக்கச் சுவர்களுக்குள் பதிந்திருக்கும். பக்கவாட்டைத் தொட்டால் சூடாக இருப்பது அதனால்தான், அது பழுதில்லை. அந்தச் சுவரில் கொக்கி மாட்டவோ ஸ்க்ரூ இறக்கவோ கூடாது என்பதற்கும் அதுதான் காரணம். கதவுச் சட்டத்தைச் சுற்றி இளஞ்சூடாக இருப்பதும் இயல்பே. வியர்க்காமல் இருக்க அங்கே ஒரு சூடான குழாயை ஓட்டியிருப்பார்கள்.

ஃப்ரீசர் நிற்கும் நிலையையும் பாருங்கள். முன்கால்களைக் கொஞ்சம் உயர்த்தி லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்தால் நிற்கும் வகை ஃப்ரீசரின் கதவு தானாகவே மூடிக்கொள்ளும்.

தானாக ஐஸ் கரையாத சாதாரண ஃப்ரீசராக இருந்தால், ஐஸ் அரை சென்டிமீட்டரைத் தாண்டியதும் அணைத்துக் கரைத்துவிட வேண்டும். மடித்த துணியின் மேல் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் பாளம் பாளமாக விட்டுவிடும்.

பனியைப் பார்த்தால் நோய் தெரியும்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஃப்ராஸ்ட்ஃப்ரீ (பனியைத் தானாகவே கரைத்துக்கொள்ளும்) ஃப்ரீசரில், உள்ளே பின்பக்கத் தகட்டுக்குப் பின்னால் கூலிங் காயில் இருக்கும். நான்கைந்து ஸ்க்ரூக்களைக் கழற்றித் தகட்டை எடுத்து, காயிலில் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். எந்தப் பாகத்தைத் தேட வேண்டும் என்பதை அந்தப் பனியே சொல்லிவிடும்.

காயில் முழுக்க, தகட்டின் பின்புறம்வரை, வெள்ளை வெளேரென்று கனமாகப் பனி மூடியிருந்தால் குளிர்விக்கும் வேலை நன்றாக நடக்கிறது. கரைக்கும் வேலைதான் நடக்கவில்லை. டிஃப்ராஸ்ட் ஹீட்டர், தெர்மல் ஃப்யூஸ் (சூடு மீறினால் அறுந்துவிடும் பாதுகாப்பு), பைமெட்டல் (சூட்டைப் பார்த்து ஹீட்டரை நிறுத்தும் சுவிட்ச்), கரைக்கும் நேரத்தை முடிவு செய்யும் டைமர் அல்லது மின்னணு போர்டு, இவற்றில் ஒன்று போயிருக்கிறது. பனி அடைத்துக்கொள்வதால் ஃபேன் காற்று உள்ளே வர முடிவதில்லை.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலின் தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் பனி, மீதி வெறுமையாக இருந்தால், கேஸ் குறைவு அல்லது குழாயில் அடைப்பு. தகட்டை மூடிவிட்டு அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். காயில் முழுவதும் சீராக மெல்லிய பனி இருந்து, உள்ளே மட்டும் குளிர் இல்லையென்றால் ஃபேனைப் பாருங்கள். பனியே இல்லை, கம்ப்ரஸரும் ஓடவில்லை என்றால் தெர்மோஸ்டாட், ரிலே பக்கம் போக வேண்டும். ஃப்ரீசரின் தரையில் மட்டும் கண்ணாடித் தகடுபோல ஐஸ் படிந்தால், கரைந்த நீர் வெளியேறும் துளை அடைத்திருக்கிறது. அதற்குப் பாகம் எதுவும் வேண்டாம். பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துத் துளையில் செலுத்தி, கம்ப்ரஸர் மேல் இருக்கும் தட்டில் நீர் வந்து விழுகிறதா என்று பாருங்கள். கொதிக்கும் நீர் ஊற்றினால் பிளாஸ்டிக் விரியும்.

சத்தத்தையும் கவனியுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பின்பக்கம் ‘ம்ம்’ என்று முனகி, சில விநாடிகளில் ‘டிக்’ என்று நின்றால், கம்ப்ரஸர் கிளம்ப முயன்று தோற்கிறது. உள்ளேயிருந்து ‘கரகர’ என்று வந்தால் ஃபேன் இறக்கை ஐஸில் உரசுகிறது.

சரியான பாகத்தைத் தேடுவது

பலர் சறுக்குவது இங்கேதான். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் ஒரே பாகம் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை ஃப்ரீசரின் முன்பக்கம் எழுதியிருந்த பெயரை மட்டும் சொல்லிக் கதவு ரப்பர் வாங்கி வந்தேன். 2 சென்டிமீட்டர் குட்டை. முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது விற்பனைப் பெயர். பாகம் தேட உதவுவது தகட்டில் இருக்கும் மாடல் எண்.

அந்தத் தகடு அல்லது ஸ்டிக்கர் பெரும்பாலும் உள்சுவரின் பக்கவாட்டில், கீழ் டிராயருக்குப் பின்னால், கதவுச் சட்டத்தில், அல்லது பின்பக்கம் கம்ப்ரஸருக்கு அருகில் இருக்கும். தேய்ந்திருந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் போட்டோ எடுங்கள், எழுத்து எடுப்பாகத் தெரியும். மாடல் எண்ணைக் கடைசிச் சாய்வுகோடு, கடைசி எழுத்துவரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி எழுத்துதான் பல நேரம் தயாரிப்பில் நடந்த மாற்றத்தைக் குறிக்கும். ஒரே மாடலில் பாதியில் ஃபேன் மோட்டாரை மாற்றியிருப்பார்கள். எது உங்களுடையது என்று சொல்வது அந்த எழுத்தோ சீரியல் எண்ணோதான்.

அப்புறம், கழற்றிய பாகத்தின் மேலேயே ஒரு எண் இருக்கும். மாடல் எண்ணைவிட நான் இதைத்தான் அதிகம் நம்புவேன். தெர்மோஸ்டாட்டின் உலோக உடம்பில், ஹீட்டரின் வயரில் சுற்றிய ஸ்டிக்கரில், மோட்டாரின் பின்புறத்தில் அச்சடித்திருப்பார்கள். ஃப்ரீசர் தயாரிப்பாளர் வேறு, அந்தப் பாகத்தைச் செய்தவர் வேறு என்பதால் இந்த எண்ணை வைத்துத் தேடினால் அதே பாகம் வேறு பெட்டியில், வேறு பிராண்டின் பெயரில்கூடக் கிடைக்கும். பழைய எண் நிறுத்தப்பட்டு அதற்குப் பதில் புது எண் வந்திருப்பதும் சகஜம். தயாரிப்பாளரின் பாகப் பட்டியலில் பழைய எண்ணைப் போட்டால் புது எண்ணைக் காட்டும். மாடல் எண்ணோடு ‘பாகங்களின் விரிபடம்’ அல்லது ‘சர்வீஸ் மேனுவல்’ என்று தேடினால், ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துக் காட்டும் படம் கிடைக்கலாம்.

ரிலே, ஓவர்லோடு (கம்ப்ரஸர் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிப்பது) மட்டும் விதிவிலக்கு. அவற்றை ஃப்ரீசரின் மாடலை வைத்துத் தேடாமல், கம்ப்ரஸரின் உடம்பில் ஒட்டியிருக்கும் கம்ப்ரஸர் மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

கம்பெனிப் பாகமா, பொதுவான பாகமா? கதவுக் கைப்பிடி, கூடை, பல்பு, கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் போன்றவற்றில் பொதுப் பாகம் போதும். கெப்பாசிட்டரில் மைக்ரோ ஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஃபேன் மோட்டாருக்குப் பொதுப் பாகம் வாங்கினால் ஏசியா டிசியா, எத்தனை வோல்ட், தண்டின் நீளம், சுழலும் திசை என்று எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். திசை மாறினால் இறக்கை சுற்றும், காற்று வராது. தெர்மோஸ்டாட், குளிரை அளக்கும் சென்சார், போர்டு ஆகியவற்றில் எண் பொருந்தாததை வாங்காதீர்கள். பழைய ஃப்ரீசரிலிருந்து கழற்றிய கூடை, கைப்பிடி, கீல் எல்லாம் தாராளமாக வாங்கலாம். பழைய ஹீட்டரும் பழைய தெர்மல் ஃப்யூஸும் வேண்டாம்.

கடைக்குப் போனாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பழைய பாகத்தை ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து, கனெக்டர் தெரியும்படி எடுத்த போட்டோ கையில் இருக்கட்டும். கனெக்டரில் எத்தனை பின், எந்த நிற வயர் எந்த இடத்தில் என்பதுதான் கடைசிச் சோதனை.

கதவு ரப்பர் மாற்றுவது

முதலில் ரப்பர் உண்மையிலேயே கெட்டதா என்று பாருங்கள். ஒரு பேப்பர் துண்டைக் கதவில் வைத்துச் சாத்தி இழுங்கள். லேசான பிடிமானம் இருக்க வேண்டும். நாலு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்கமும் இப்படிச் சோதியுங்கள். எரியும் டார்ச்சை உள்ளே வைத்துக் கதவை மூடி, அறையை இருட்டாக்கினால் கசியும் இடத்தில் வெளிச்சம் தெரியும். அழுக்குதான் காரணமென்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகிவிடும். ஓரிடத்தில் மட்டும் அமுங்கியிருந்தால் ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் இளக்கி, விரலால் வெளியே இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தி ஆறவிடுங்கள். கிழிந்திருந்தால், அல்லது உள்ளே இருக்கும் காந்தப் பட்டை பிடிப்பிழந்திருந்தால், மாற்றத்தான் வேண்டும்.

அளவு எடுக்கும்போது ரப்பரின் வெளி விளிம்பை அளக்காமல், கதவில் அது சொருகியிருக்கும் பள்ளத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பள்ளத்தின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். ரப்பரின் குறுக்குவெட்டையும் போட்டோ எடுங்கள்; அம்புமுனைபோலச் சொருகும் வகையா, ஸ்க்ரூவில் தகடு வைத்து இறுக்கும் வகையா என்பது அதில் தெரியும்.

புது ரப்பர் மடிந்து சுருண்டுதான் வரும். சூடான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப் போட்டு, சமதளத்தில் விரித்துவிட்டால் மடிப்பு போய்விடும். பழையதை ஒரு மூலையிலிருந்து உருவி எடுத்து, பள்ளத்தைத் துடைத்துவிட்டு, புதியதை முதலில் நாலு மூலைகளிலும் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும், கடைசியாக இடைப்பட்ட நீளத்திலும் அழுத்துங்கள். ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போனால் கடைசி மூலையில் ரப்பர் மிஞ்சி நிற்கும். ஸ்க்ரூ வகையில் எல்லா ஸ்க்ரூக்களையும் ஒரேயடியாகக் கழற்றினால் கதவே முறுக்கிக்கொள்ளும். தளர்த்தி மட்டும் விட்டு ரப்பரை மாற்றுங்கள். கீல் பக்கம் துளி வாஸ்லின் தடவினால் புது ரப்பர் இழுபட்டுச் சுருங்காது. ஒரு நாள் கழித்துப் பேப்பர் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

டிஃப்ராஸ்ட் பாகங்கள்

இதை வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, காயிலில் உள்ள பனியை முழுதாகக் கரையவிடுங்கள். கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். கனெக்டர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். காயிலின் தகடுகள் கத்திபோல அறுக்கும், அதனால் கையுறை அவசியம்.

2. ஹீட்டரின் இரண்டு முனைகளையும் பிரித்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்று நீங்களே கணக்கிடலாம்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஹீட்டரில் எழுதியிருக்கும் வாட்டால் வகுங்கள். 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350 ஓம். அதற்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

3. தெர்மல் ஃப்யூஸில் கண்டினியூட்டி (மின்சாரம் அறுபடாமல் செல்லும் பாதை) இருக்க வேண்டும். இல்லையென்றால், அதில் எழுதியிருக்கும் அதே டிகிரிக்கு (72, 77 போன்ற எண்கள் இருக்கும்) புதியது வாங்குங்கள். அதை நேரடியாக இணைத்துவிட்டு ஓட்டாதீர்கள். ஹீட்டர் அணையாமல் எரியும் நாளில் தீப்பிடிக்காமல் தடுக்கும் கடைசிப் பாதுகாப்பு அதுதான். அது போயிருந்தால் பைமெட்டலையும் சந்தேகப்படுங்கள்.

4. பைமெட்டலை அறை வெப்பத்தில் சோதித்துவிட்டு ‘கெட்டுவிட்டது’ என்று தூக்கிப்போடுபவர்கள் நிறைய. அது குளிரில்தான் இணையும். பிளாஸ்டிக் பையில் சுற்றி, உப்புக் கலந்த ஐஸுக்குள் பத்து நிமிடம் வைத்துப் பிறகு பாருங்கள். அப்போதும் கண்டினியூட்டி இல்லையென்றால், அல்லது அதன் மூடி உப்பியிருந்தால், மாற்றுங்கள்.

5. மூன்றும் நன்றாக இருந்தால் டைமர் அல்லது போர்டு. பழைய வகை டைமரில் ஒரு ஸ்க்ரூ தலை இருக்கும். காயில் நன்றாகக் குளிர்ந்திருக்கும் நேரத்தில் அதை வலப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால், ‘டிக்’ என்றதும் கம்ப்ரஸர் நின்று ஹீட்டர் சூடாக வேண்டும். பிறகு அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் அங்கேயே நின்றால் டைமர் மோட்டார் போயிருக்கிறது.

கண்ணாடிக் குழாய் ஹீட்டரை மாற்றும்போது வெறும் விரல் படாமல் துணியால் பிடியுங்கள். வயர்களை ஃபேனில் படாதபடி பழைய கிளிப்புகளிலேயே மாட்டுங்கள்.

ஃபேன், சென்சார், தெர்மோஸ்டாட்

ஃபேன் ஓடவில்லை என்றால் முதலில் கதவு சுவிட்சைப் பாருங்கள். பல ஃப்ரீசர்களில் கதவைத் திறந்தால் ஃபேன் நிற்கும். சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் ஓட வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இறக்கையைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் மோட்டாரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சென்சார் சின்ன மாத்திரை அளவில் இருக்கும். பெரும்பாலான ஃப்ரீசர்களில் இருக்கும் வகையில், குளிரக் குளிர ஓம் ஏறும். அறை வெப்பத்தில் 10 கிலோ ஓம் காட்டுவது ஐஸ் தண்ணீரில் ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். நகராமல் ஒரே எண்ணில் நின்றால் கெட்டுவிட்டது.

தெர்மோஸ்டாட் போயிருந்தால் பெரும்பாலும் கம்ப்ரஸர் கிளம்பாது, அல்லது நிற்காது. பிளக்கைப் பிடுங்கி, வயரைக் கழற்றி, குமிழை முழு அளவில் வைத்து அறை வெப்பத்தில் கண்டினியூட்டி பாருங்கள், இருக்க வேண்டும். மாற்றும்போது அதன் மெல்லிய செப்புக் குழலில்தான் முழுக் கவனமும் வேண்டும். வளைக்கலாம், ஆனால் மடியவோ முறியவோ கூடாது. நீளமாக இருந்தால் வெட்டாமல் சுருட்டி விடுங்கள். பழைய குழலின் நுனி எவ்வளவு தூரம் உள்ளே போயிருந்ததோ, அதே அளவு புதியதும் போக வேண்டும். ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட்டும் ஃப்ரீசர் தெர்மோஸ்டாட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இயங்கி நிற்கும் வெப்பநிலை வேறு, அதனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

ரிலேயும் ஓவர்லோடும்

‘டிக்’ சத்தம் கேட்கும் ஃப்ரீசருக்கு இது. கம்ப்ரஸரின் பக்கவாட்டில் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். கெப்பாசிட்டர் இருந்தால் அதில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். முனைகளைத் தொடாமல், காப்புப் போட்ட ரெசிஸ்டரால் முதலில் வெளியேற்றிவிடுங்கள். மூடியைக் கழற்றி, ரிலேயை நேராக இழுத்து எடுத்து, காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே துண்டுகள் உருளும் சத்தம் வந்தாலோ கருகிய வாசனை வந்தாலோ அதுதான் பழுது. ரிலேயையும் ஓவர்லோடையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

புதியது போடும் முன் கம்ப்ரஸரையும் அளந்துவிடுங்கள். மூன்று பின்களுக்கிடையே மூன்று அளவுகள் கிடைக்கும். பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும். எந்தப் பின்னுக்கும் கம்ப்ரஸரின் உலோக உடம்புக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் சுருள் உடம்பைத் தொட்டுவிட்டது. புது ரிலே வாங்கிப் பயனில்லை, அந்த ஃப்ரீசரை மின்சாரத்தில் இணைக்கவும் கூடாது.

தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸரில் இந்த ரிலேயே கிடையாது, தனி போர்டுதான் ஓட்டும். மேலே சொன்ன கணக்கும் அதற்குப் பொருந்தாது. அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். குழாயில் ஓட்டை, அடைப்பு, கம்ப்ரஸர் மாற்றுவது ஆகியவையும் அப்படியே. வெற்றிடம் இழுக்க வேண்டும், ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்குக் கேஸை நிறுத்துப் போட வேண்டும். அதற்கான கருவிகளும் பழக்கமும் உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

மூடிய பிறகு

எல்லாத் தகடுகளையும் மாட்டி, வெறும் ஃப்ரீசரை ஓடவிடுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தெர்மாமீட்டரை வைத்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கு வந்திருந்தால் பொருள்களை உள்ளே வைக்கலாம். டிஃப்ராஸ்ட் பாகம் மாற்றியிருந்தால் இரண்டு வாரம் கழித்துத் தகட்டை ஒருமுறை திறந்து, காயிலில் மறுபடியும் கனமாகப் பனி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் உண்மையிலேயே வேலை செய்கிறது என்பது அப்போதுதான் உறுதியாகும். மாற்றிய பாகத்தின் எண்ணையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை திறப்பவருக்குத் தேடும் வேலை பாதியாகக் குறையும்.